செல் தானாகச் செத்ததா, நாம் சாகடித்தோமா?

வாசகர் கேள்வி பதில்

செல்களின் திட்டமிட்ட சாவை ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற மெஷினில் கண்டறிவது பற்றிக் கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே சங்கதியைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கே: செல் ‘தற்கொலை’ செய்துகொள்ளும் என்று அறிவியல் மன்றத்தில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அது நிஜமாகவே திட்டமிட்ட சாவுதானா? அதை ஒரு மெஷின் எப்படிங்க கண்டுபிடிக்கும்? – பள்ளி ஆசிரியை, கரூர்

நிஜம்தான். கருவில் கை உருவாகும்போது விரல்களுக்கு இடையே சவ்வு இருக்கும். அங்குள்ள செல்கள் குறித்த நேரத்தில் செத்துப்போவதால்தான் விரல்கள் பிரிகின்றன. ‘அபாப்டோசிஸ்’ என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் கெர், வில்லி, கர்ரி ஆகிய மூவர், ஆண்டு 1972. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற சின்னஞ்சிறு புழுவின் இருபால் வகையில் உடல் உருவாகையில் 1,090 செல்கள் பிறக்கின்றன, அவற்றில் 131 செத்துவிடுகின்றன. அந்த வகையில் எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131தான். இந்தப் புழுவில் நடந்த ஆய்வுகளுக்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

மெஷினின் வேலை எளிது. செல்கள் ஒற்றை வரிசையில் லேசர் ஒளியைத் தாண்டி ஓடும். ஒவ்வொரு செல்லும் சிதறடிக்கும் ஒளியும், அதில் ஒட்டியிருக்கும் சாயத்தின் ஒளியும் தனித்தனியாகப் பதிவாகும். உயிருள்ள செல்லில் ஃபாஸ்ஃபாடிடைல் செரின் என்ற கொழுப்பு செல்லை மூடியிருக்கும் மேற்சவ்வின் உள்பக்கமாகவே இருக்கும். அபாப்டோசிஸ் தொடங்கியதும் அது வெளிப்பக்கம் புரண்டு வந்துவிடும். அனெக்சின்-5 என்ற புரதம் கால்சியத்தின் துணையோடு அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதத்தில் பச்சைச் சாயம் கட்டியிருப்பதால் செல் பச்சையாகத் தெரியும். இரண்டாவது சாயம் புரோப்பிடியம் அயோடைடு, சுருக்கமாகப் பி.ஐ. சவ்வு முழுதாக இருக்கும்வரை அது உள்ளே போகாது. ஓட்டை விழுந்தால் நுழைந்து டி.என்.ஏ.வில் ஒட்டிச் சிவக்கும். பச்சை மட்டும் என்றால் சாவின் தொடக்கம். இரண்டும் என்றால் சவ்வும் போய்விட்டது.

கே: அனெக்சின்-பி.ஐ. கிட் வாங்கிப் போட்டோம். மருந்தே போடாத கன்ட்ரோல் செல்லிலும் 30 சதவீதம் செத்துக் கிடக்குதுங்க. கிட் கெட்டுப்போச்சா? பஃபரை நாங்களே தயாரிக்கலாமா? – ஆய்வு மாணவர், கோவை

கிட்டைச் சந்தேகிக்கும் முன் உங்கள் டிரிப்சினைப் பாருங்கள். தட்டில் ஒட்டி வளரும் செல்களைப் பெயர்த்தெடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பெரும்பாலான ‘சாவு’ நடக்கிறது. டிரிப்சின் அதிக நேரம் இருந்தால் சவ்வு அடிபடும். கூடவே வரும் இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது கழுவப்படாமல் மிச்சமிருந்தால் அனெக்சின் ஒட்டாது. ஆக ஒரே திரவம் ஒருபக்கம் பொய்யாகச் சாவைக் கூட்டுகிறது, இன்னொரு பக்கம் நிஜமான சாவை மறைக்கிறது. வசதி இருந்தால் செல்லை மென்மையாகப் பெயர்க்கும் ஆக்யூடேஸ் வாங்குங்கள். இல்லையென்றால் டிரிப்சினை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே விடுங்கள். செல்கள் உருண்டு விளிம்பு விட்டதும், அவை முழுதாக மிதக்கும்வரை காத்திராமல், சீரம் உள்ள மீடியத்தை ஊற்றி நிறுத்தி, தட்டை மெதுவாகத் தட்டுங்கள். ரப்பர் ஸ்கிரேப்பரால் சுரண்டவே கூடாது.

செய்முறை இதுதான். 6 குழித் தட்டில் குழிக்கு 2 முதல் 3 லட்சம் செல் விதைத்து, இரவு முழுக்க ஒட்டவிட்டு, மறுநாள் மருந்து போடுங்கள். எடுக்கும் நாளில் முதலில் மேலே உள்ள பழைய மீடியத்தை உறிஞ்சி ஒரு டியூபில் வையுங்கள். கீழே கொட்டிவிடாதீர்கள்: சாகும் செல்கள் தட்டை விட்டு மிதக்கத் தொடங்கியிருக்கும், அவை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கழுவிய பி.பி.எஸ். உப்புக் கரைசலையும் அதே டியூபில் சேருங்கள். பெயர்த்தெடுத்த செல்லையும் அதிலேயே ஊற்றி, 300 ஜி விசையில் 5 நிமிடம் சுற்றுங்கள். உங்கள் சென்ட்ரிஃபியூஜின் ஆரம் 15 செ.மீ. என்றால் அது நிமிடத்துக்குச் சுமார் 1,350 சுற்று. குளிர்ந்த பி.பி.எஸ்.ஸில் இருமுறை கழுவி, பைண்டிங் பஃபரில் மில்லிக்கு 10 லட்சம் செல் வரும்படி கலக்குங்கள். அதில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து, அனெக்சின் 5 மைக்ரோலிட்டர், பி.ஐ. 5 மைக்ரோலிட்டர் விட்டு, இருட்டில் 15 நிமிடம். பிறகு 400 மைக்ரோலிட்டர் பஃபர் சேர்த்து, கழுவாமல், ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டிவிடுங்கள்.

கிட் தாளில் ‘அறை வெப்பநிலை’ என்று போட்டிருப்பது 20 முதல் 25 டிகிரி. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை மாதத்து மதிய மேசை அந்த அறை அல்ல. ஏ.சி. இல்லாத லேபில் செல்லை ஐஸில் வைத்திருந்து, சாயம் போடும் 15 நிமிடம் மட்டும் வெளியே எடுங்கள்.

பஃபரைத் தாராளமாக நீங்களே செய்யலாம். பத்து மடங்கு அடர்த்தியில் 100 மில்லிக்கு: ஹெப்பெஸ் 2.38 கிராம், உப்பு 8.18 கிராம், இரு நீர் மூலக்கூறுள்ள கால்சியம் குளோரைடு 0.37 கிராம். சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 7.4க்குக் கொண்டுவந்து, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, ஃபிரிட்ஜில் வையுங்கள். வேலை செய்யும் அன்று ஒன்றுக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர். அப்போது 10 மில்லிமோலார் ஹெப்பெஸ், 140 மில்லிமோலார் உப்பு, 2.5 மில்லிமோலார் கால்சியம் கிடைக்கும். தண்ணீருக்குப் பதில் பி.பி.எஸ். ஊற்றினால் பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து வெள்ளையாகப் படியும்; கால்சியமும் போச்சு, மெஷினில் துகள் குப்பையும் சேரும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கன்ட்ரோலில் சாவு கூடுதல் என்றால், செல் தட்டு நிறைந்து நெருக்கியடித்ததா, மருந்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. எவ்வளவு போகிறது என்று பாருங்கள். 0.1 சதவீதம் நல்லது, 0.5ஐத் தாண்ட வேண்டாம். மருந்தில்லாத கன்ட்ரோலிலும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. இருக்க வேண்டும்.

கே: மஞ்சள் கிழங்குச் சாறும் குர்குமினும் புற்றுநோய் செல்லைக் கொல்லுதான்னு பார்க்கிறேனுங்க. குர்குமின் போட்ட எல்லா டியூபிலும் பச்சை 90 சதவீதத்துக்கு மேல. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தா செல் நல்லாத்தான் இருக்கு. – முதுகலை மாணவி, ஈரோடு

மைக்ரோஸ்கோப்பை நம்புங்கள். நீங்கள் பார்க்கும் பச்சை அனெக்சின் அல்ல, குர்குமின். அது 425 நானோமீட்டர் வாக்கில் நன்றாக ஒளியை விழுங்கும். அதன் வால் 488 நானோமீட்டர் நீல லேசர் வரை நீள்கிறது. திருப்பி உமிழ்வதோ, அனெக்சினில் கட்டிய பச்சைச் சாயமான எஃப்.ஐ.டி.சி. உமிழும் அதே பச்சைப் பகுதியில். செல்லுக்குள் குர்குமின் எவ்வளவு போனது என்று அளக்கவே சிலர் இந்தப் பச்சையைப் பயன்படுத்துகிறார்கள். மஞ்சள் விளையும் மண்ணிலிருந்து வரும் ஆய்வேடுகளில் இந்தப் பிழை எளிதாக நுழைந்துவிடும், படிப்பவர்களும் கவனித்தால் நல்லது.

சோதனை எளிது: குர்குமின் போட்ட, ஆனால் எந்தச் சாயமும் போடாத ஒரு டியூப் ஓட்டுங்கள். அது பச்சையாக நின்றால் விவகாரம் முடிந்தது. ‘சாயம் போடாத கன்ட்ரோல்’ என்று மருந்தில்லாத செல்லை மட்டும் ஓட்டினால் இது ஒருநாளும் தெரியாது. வழி என்னவென்றால், மெஷினில் 640 நானோமீட்டர் சிவப்பு லேசர் இருந்தால் ஏ.பி.சி. சாயம் கட்டிய அனெக்சினுக்கு மாறுங்கள். அங்கே குர்குமின் தொந்தரவு இல்லை. துணைக்கு, பி.ஐ.க்குப் பதிலாக, 7-ஏ.ஏ.டி. சாயத்தை வையுங்கள். நீல லேசர் ஒன்றுதான் என்றால் பி.இ. கட்டிய அனெக்சினும் 7-ஏ.ஏ.டி.யும். ஆனாலும் ஒவ்வொரு டோஸுக்கும் சாயமில்லாத டியூப் ஒன்று கட்டாயம்.

இன்னும் இரண்டு. சீரம் இல்லாத மீடியத்தில் 37 டிகிரியில் குர்குமின் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடும். சீரம் இருந்தால் தாக்குப்பிடிக்கும். 24 மணி நேரம் ‘குர்குமின்’ போட்டதாக எழுதுகையில் இதை மனதில் வையுங்கள். கிழங்குச் சாறு மீடியத்தில் விழுந்ததும் சிறு துகள்களாகத் திரியும். மெஷின் அவற்றையும் செல்லாக எண்ணும். செல்லே இல்லாமல் சாறும் மீடியமும் மட்டும் ஒரு டியூப் ஓட்டிப் பார்த்தால் எத்தனை துகள் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும்.

டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கன்ட்ரோலாகப் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அதுவும் நீல லேசரில் ஒளிரும், பி.ஐ. பகுதியில் வந்து உட்காரும். பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு (செல் கட்டாயம் சாகும் ஒப்பீட்டு டியூபுக்கு) ஸ்டாரோஸ்போரின் 1 மைக்ரோமோலார், 4 முதல் 6 மணி நேரம் போதும்.

கே: எம்.சி.எஃப்-7 செல்லில் அனெக்சின் நன்றாக வருகிறது. காஸ்பேஸ்-3 ஆன்டிபாடி மட்டும் சுத்தமாக வரவில்லை, ஜெல்லில் டி.என்.ஏ. ஏணியும் இல்லை. ஆன்டிபாடி மாற்றட்டுமா? – கோபிசெட்டிபாளையம்

மாற்ற வேண்டாம், பணம் மிச்சம். எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்லில், சாவின்போது புரதங்களை வெட்டும் காஸ்பேஸ்-3 என்ற என்சைமின் மரபணுவில், மூன்றாவது எக்ஸானில் 47 எழுத்துகள் விடுபட்டுள்ளன. அந்தப் புரதமே அதில் கிடையாது. டி.என்.ஏ.வை ஏணிப்படி போல நறுக்கும் வேலை காஸ்பேஸ்-3ஐ நம்பியிருப்பதால் ஏணியும் வராது. அங்கே காஸ்பேஸ்-7 வேலை செய்யும். அதையோ, பார்ப் புரதம் வெட்டுப்படுவதையோ பாருங்கள். காஸ்பேஸ்-3 வேண்டும் என்றால் எம்.டி.ஏ-எம்.பி-231 அல்லது ஹீலா செல்லை எடுங்கள். இந்தச் செல்லில் சப்-ஜி1 (டி.என்.ஏ. இயல்பைவிடக் குறைந்த செல்களின்) அளவை மட்டும் வைத்து முடிவு எழுதுவதும் ஆபத்து.

கே: செல் வளர்க்கிற வசதி எங்க காலேஜ்ல இருக்குதுங்க, ஃப்ளோ மெஷின் கோயமுத்தூர்ல. இங்கேயே சாயம் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ல கொண்டு போகலாமா? இல்லைன்னா ஃபார்மலின்ல ஃபிக்ஸ் பண்ணிடலாமா? – திருச்செங்கோடு

இரண்டும் கூடாது. சாயம் போட்ட செல்லுக்கு ஒரு மணி நேரம்தான் கெடு. திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு வழியாகக் கோவை போய்ச் சேர அதைவிட வெகு நேரம் ஆகும். அதற்குள் பச்சை மட்டும் காட்டிய செல்களில் பல சிவப்பையும் வாங்கிக்கொள்ளும், போகிற வழியில் புதிதாகச் சாவதும் உண்டு. சாயத்துக்கு முன்னால் ஃபிக்ஸ் செய்தாலோ (ரசாயனத்தால் செல்லை அப்படியே நிலைநிறுத்தினாலோ) சவ்வு ஓட்டையாகிவிடும். அனெக்சின் உள்பக்கத்துக் கொழுப்பைப் பிடிக்கும், பி.ஐ. தடையில்லாமல் நுழையும், எல்லாச் செல்லும் செத்ததாகக் காட்டும்.

பயணத்துக்கு ஒத்துவரும் முறைகள் வேறு. ஒன்று சப்-ஜி1. செல்லை 0.5 மில்லி பி.பி.எஸ்.ஸில் கட்டியில்லாமல் கலக்கி, வோர்டெக்ஸில் மெதுவாகச் சுழலவிட்டபடியே, மைனஸ் 20 டிகிரியில் இருந்த 70 சதவீத எத்தனால் 4.5 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் செல்கள் கொத்தாகச் சேர்ந்துவிடும், பிறகு எந்தச் சல்லடையாலும் பிரியாது. மைனஸ் 20இல் சில வாரங்கள் வைத்திருக்கலாம். கோவை போன பின் எத்தனாலைக் கழுவி, மில்லிக்கு 50 மைக்ரோகிராம் பி.ஐ., 100 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏஸ் ஏ சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம். எத்தனாலில் செல் ஒளிபுகும் தன்மையாகி, வழக்கமான 300 ஜி விசையில் அடியில் படியாமல் நழுவும். 500 ஜி வரை கூட்டுங்கள், மேல்திரவத்தை உறிஞ்சும்போது அடியில் கொஞ்சம் விட்டுவிடுங்கள். ஆர்.என்.ஏஸ் விட்டுப்போனால் பி.ஐ. ஆர்.என்.ஏ.விலும் ஒட்டி உச்சங்கள் அகன்றுவிடும். பரப்பு, அகலம் இரண்டையும் வரைந்து ஒட்டிய இரட்டைச் செல்களை நீக்க மறக்காதீர்கள்.

சப்-ஜி1இன் குறை: டி.என்.ஏ. நறுக்குப்பட்ட பிறகுதான் தெரியும், தொடக்கம் தெரியாது. அதனால் இரண்டாவது வழியே எங்கள் விருப்பம். ஃபிக்ஸ் தாங்கும் உயிர்ச்சாயம் ஒன்றை உயிருள்ள செல்லுக்கு முதலில் போட்டுவிட்டு, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் வைத்துக் கழுவி, குளிர்பெட்டியில் கொண்டு போங்கள். அங்கே சவ்வைத் திறந்து, வெட்டுப்பட்ட காஸ்பேஸ்-3க்கு ஆன்டிபாடி போடலாம். செலவு கூடும், ஆனால் மறுநாள் ஓட்டினாலும் எண் மாறாது.

அனெக்சின்தான் வேண்டும் என்று வழிகாட்டி அடம் பிடித்தால், மருந்து போட்ட தட்டையே மூடி, பாராஃபிலிம் சுற்றி, கோவைக்குக் கொண்டு போய் அங்குள்ள இன்குபேட்டரில் இரண்டு மணி நேரம் வைத்திருந்து பெயர்த்தெடுங்கள். மருந்தில்லாத தட்டும் அதே வண்டியில் போக வேண்டும்.

கே: பச்சையும் சிவப்பும் சேர்ந்த குவாட்ரன்ட்டில் (படத்தின் கால்பகுதியில்) 35 சதவீதம் வந்திருக்கிறது. ‘லேட் அபாப்டோசிஸ்’ என்று எழுதலாம்தானே? குவாட்ரன்ட் கோட்டை எங்கே போடுவது? – பெருந்துறை

ஒரே நேரப் புள்ளியை வைத்து எழுத முடியாது. ஒழுங்காகத் தொடங்கிக் கடைசியில் சவ்வு உடைந்த செல்லும், எடுத்த எடுப்பில் நச்சால் வெடித்த செல்லும் அதே மூலையில்தான் வந்து விழும். 2, 4, 8, 16, 24 மணி நேரம் என எடுத்துப் பாருங்கள். பச்சை மட்டும் உள்ள செல்கள் முதலில் ஏறி, பின் அவை இறங்க இறங்க இரட்டை நிறம் ஏறினால் அது அபாப்டோசிஸ் பாதை. பச்சைத் தனி நிலை ஒருபோதும் ஏறாமல் நேரே இரட்டை நிறத்துக்குப் போனால் நெக்ரோசிஸ் (நச்சாலோ காயத்தாலோ செல் வெடித்துச் சாவது) என்றே சந்தேகிக்க வேண்டும். மருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே காஸ்பேஸைத் தடுக்கும் இசட்-வேட்-எஃப்.எம்.கே. 20 முதல் 50 மைக்ரோமோலார் போட்டு, சாவு குறைகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் காஸ்பேஸ் வழி.

கோட்டைக் கண்ணால் பார்த்து இழுக்கக் கூடாது. மூன்று டியூப் தேவை: சாயம் இல்லாதது, அனெக்சின் மட்டும், பி.ஐ. மட்டும். கடைசி இரண்டுக்கும் ஆரோக்கியமான செல்லை எடுத்தால் சாயம் ஒட்டவே ஒட்டாது, காம்பென்சேஷனுக்கு (ஒரு சாயத்தின் ஒளி மற்றதன் டிடெக்டரில் கசிவதைத் திருத்துவதற்கு) எதுவும் இருக்காது. ஸ்டாரோஸ்போரின் போட்ட செல்லை எடுங்கள். எஃப்.ஐ.டி.சி.யின் ஒளி பி.ஐ. டிடெக்டருக்குள் நன்றாகவே கசியும். திருத்தாவிட்டால் பச்சைச் செல்கள் சாய்வாக மேலே ஏறி ‘லேட்’ ஆகிவிடும். படத்தில் மூலைவிட்டமாக ஒரு வால் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான்.

முதல் ‘கேட்’டையும், அதாவது எந்தச் செல்களைக் கணக்கில் எடுப்பது என்று படத்தில் வரையும் எல்லையையும், கவனியுங்கள். சாகும் செல் சுருங்கும். முன்பக்கச் சிதறல் குறையும். ஆரோக்கியமான கூட்டத்தைச் சுற்றி இறுக்கமாகக் கேட் போட்டால் நீங்கள் தேடும் செல்களை நீங்களே வெளியே தள்ளிவிடுகிறீர்கள். கீழ்மூலைத் துகள் குப்பையை மட்டும் நீக்கி, மற்றதைத் தாராளமாகச் சேருங்கள். சாம்பிளுக்குக் குறைந்தது 10,000 செல், மெதுவான ஓட்டத்தில்.

கே: கம்போரோ வைரஸ் நோய் வந்த கோழியின் பர்சாவில் (பி செல்கள் உருவாகும் உறுப்பில்) செல் சாவை அளக்க வேண்டும். மனிதச் செல்லுக்கான அனெக்சின் கிட் கோழிக்கு ஆகுமா? ரத்தத்திலும் பார்க்கலாமா? – கால்நடை மருத்துவ மாணவர், நாமக்கல்

ஆகும். அனெக்சின் பிடிப்பது கொழுப்பை. அதற்கு மனிதன், கோழி என்ற பேதம் இல்லை. ஆன்டிபாடிதான் கோழிக்கென்று வாங்க வேண்டும்: பி செல்லுக்கு பி.யு-1, டி செல்லுக்கு சி.டி.3. இவற்றைச் சேர்த்துப் போட்டால்தான் சாவது எந்தச் செல் என்று சொல்ல முடியும். கம்போரோ வைரஸ் குறிவைப்பது பர்சாவின் பி செல்களைத்தான்.

சிக்கல் வேறிடத்தில். பர்சாவிலிருந்து பிரித்த பி செல்கள், நோயே இல்லாவிட்டாலும், வெளியே வந்ததும் வேகமாகச் சாகத் தொடங்கும். அறுத்த உடனே ஐஸ் மேல் வைத்த பி.பி.எஸ்.ஸில் போட்டு, 70 மைக்ரான் சல்லடையில் தேய்த்து, 1.077 அடர்த்தி ஹிஸ்டோபேக் கரைசலில் பிரித்து, தாமதமின்றிச் சாயம் போடுங்கள். நோயற்ற கோழியின் பர்சாவும் அதே நிமிடங்களில், அதே கையால் நடக்க வேண்டும். காலையில் கன்ட்ரோல் கோழி, மதியம் நோய்க்கோழி என்று செய்தால் கிடைப்பது காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ரத்தம் என்றால், கோழியின் சிவப்பணுவிலும் த்ராம்போசைட்டிலும் உட்கரு உண்டு. மனித ரத்தத்துக்குச் செய்வதுபோல அம்மோனியம் குளோரைடில் சிவப்பணுவை உடைத்தால் உட்கருக்கள் மிதந்து பி.ஐ.யை வாங்கி, படம் முழுக்கச் சிவப்பாகும். உடைக்காமல் ஹிஸ்டோபேக்கில் பிரியுங்கள். அங்கும் த்ராம்போசைட்டுகள் லிம்போசைட்டோடு சேர்ந்தே மிதக்கும், ஆன்டிபாடியால்தான் விலக்க முடியும்.

கே: அப்பாவின் ரத்தத்தை ஆஸ்பத்திரியில் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்பினார்கள். செல் சாவைப் பார்க்கத்தானா? – தாராபுரம்

அநேகமாக இல்லை. ஆஸ்பத்திரிகளில் அந்தப் பெயரில் நடப்பது வெள்ளையணுக்களின் மேற்பரப்புப் புரதங்களைப் பார்த்து வகை பிரிக்கும் சோதனை. ரத்தப் புற்றுநோய் இருக்கிறதா, எந்த வகை என்று அறிய உதவும். அறிக்கையில் சி.டி. என்ற எழுத்தோடு எண்கள் வரிசையாக இருந்தால் அதுவேதான். முடிவை மருத்துவரிடமே கேளுங்கள்.

கே: செடியின் இலைச் செல்லில் இதே சோதனை செய்ய முடியுமா? – வேளாண் மாணவர், கோவை

செல்சுவர் இருக்கும்வரை அனெக்சின் சவ்வைத் தொடவே முடியாது. என்சைமால் சுவரைக் கரைத்துப் புரோட்டோபிளாஸ்ட் ஆக்க வேண்டும். பைண்டிங் பஃபரில் 0.4 மோலார் மன்னிட்டால் சேர்க்காவிட்டால் அவை நீரை உறிஞ்சி வெடித்துவிடும். பச்சையம் 650 நானோமீட்டருக்கு மேல் தானே சிவப்பாக ஒளிரும் என்பதால் 7-ஏ.ஏ.டி. வேண்டாம். முடிந்தால் இலையை விட்டு, பச்சையமில்லாத கால்லஸ் செல்லில் செய்யுங்கள்.

கே: பாதி சாம்பிள் ஓடும்போதே எண்ணிக்கை திடீரென்று விழுந்துவிடுகிறது. – மெஷின் பொறுப்பாளர், கோவை

அடைப்பு. செத்த செல்லிலிருந்து கசியும் டி.என்.ஏ. பிசின் மாதிரி செல்களை ஒட்டவைக்கும். சாயம் போடும் முன்பே 40 மைக்ரான் சல்லடையில் வடிகட்டச் சொல்லுங்கள். அடைத்துக்கொண்டால் வீட்டு பிளீச்சைப் பத்து மடங்கு நீர்த்து 5 நிமிடம், பின் காய்ச்சி வடித்த நீர் 5 நிமிடம் ஓட்டுங்கள். பிளீச் மிச்சமிருந்தால் அடுத்து வரும் சாம்பிளின் சாயம் வெளுக்கும். பி.ஐ. ஓட்டிய நாளில் இதை அடைப்பு இல்லாவிட்டாலும் செய்யுங்கள். குழாயில் தங்கிய பி.ஐ. அடுத்தவரின் உயிருள்ள செல்லைத் தேடிப் பிடிக்காது, ஆனால் செத்ததையும் ஃபிக்ஸ் செய்ததையும் சிவப்பாக்கிவிடும். கரண்ட் போய் வந்தால் லேசர் சூடாக 20 முதல் 30 நிமிடம் விட்டு, கேலிபரேஷன் மணிகளை ஓட்டிச் சரிபார்த்த பிறகே மிச்சச் சாம்பிளுக்குப் போங்கள். ஒரு மணி நேரக் கெடு தாண்டிய டியூப்களைக் கீழே கொட்டச் சொல்லிவிடுங்கள், மாணவர்கள் என்ன கெஞ்சினாலும்.